கூட வருகிற டீச்சர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வெளிநாட்டிலிருந்து ஃபோன் செய்தாள். எழுந்தாயா, காபி ஆயிற்றா என்ற வழக்கமான விசாரணை எதுவும் இல்லை.

"டேய், ஒரு பொம்பளையக் கொல்லணும். எப்படின்னு சொல்லு. நீதானே கதை எழுதுற" என்றாள்.

வாய் நிறைய நுரையோடு நான் கேட்ட முதல் கேள்வி "யாரை?" என்பதுதான். "எதுக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். எழுதுகிறவனுக்கு அந்தப் புத்தி உடனே வராது.

"டீச்சரை" என்றாள்.

நீங்கள் போலீஸுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. டீச்சர் என்கிற பெண்மணி இன்னும் பிறக்கவே இல்லை. அக்கா அவரை உண்டாக்கினாள். சில வருடங்களாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தாள். அம்மா இப்போது அவர் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன்னால் டீச்சரிடம் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இன்று சாயங்காலம் விளக்கு போட்டதும் அக்கா வீடியோவில் வருவாள். அம்மா இப்போதே நல்ல புடவை கட்டிக்கொண்டு என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். (அக்கா ஊர் சுற்றப் போகும் நாட்களில் அம்மா எங்களோடு இருப்பாள்.)

அதற்குள் எனக்கு ஒரு முடிவு வேண்டும். கதைக்கும் வேண்டும், அக்காவுக்கும் வேண்டும். சாதாரணமாக எனக்கு ஒரு முடிவு கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். கிடைக்காமல் அலமாரியில் தூங்கும் கதைகளும் உண்டு. இந்த முறை அலமாரிக்கு வழியில்லை.

2

தொடக்கங்கள்.

"விமானம் தரையிறங்கியபோது அவள் ஜன்னல் வழியாக —" வேண்டாம். விமானத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

"தனிமை என்பது —" இதை எழுதிய வேகத்தில் அடித்துவிட்டேன். தனிமை என்பது என்னவென்று சொல்ல, இரண்டு குழந்தைகளும் ஒரு குக்கர் விசிலும் இருக்கும் வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன யோக்கியதை?

"எக்ஸ்ரே எடுக்கும் ஒரு பெண் இருந்தாள்." இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பிறகு யாரும் கேட்காத காலம் வந்தது. ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் வேலை எனக்கு மனப்பாடம். நோயாளியைப் பலகையோடு நெஞ்சு ஒட்ட நிற்கவைப்பாள். தோளை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளுவாள். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய், கண்ணாடி வழியாகப் பார்த்தபடி சொல்வாள்: "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க." ஒரு சின்னச் சத்தம். "ம், விடலாம்."

ஒருமுறை யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பியதில் "விடலாம்" சொல்ல மறந்துவிட்டாள். ஞாபகம் வந்து வெளியே ஓடிப் பார்த்தால் அந்த மனுஷர் முகம் சிவந்து, கண் பிதுங்க, அப்படியே நிற்கிறாராம். சொன்னால்தானே விடுவார். இதை அக்கா எங்கள் வீட்டில் சொல்லும்போது நடித்தே காட்டுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

(இந்தச் சம்பவத்தை இங்கே ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இப்போதைக்கு இருக்கட்டும்.)

3

டீச்சரின் பிறப்பு.

அக்காவுக்கு வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது தூர தேசம் போக வேண்டும் என்று தோன்றியது. தனியாக. எதற்கு என்று கேட்டேன். "நாலு நாளு யாரும் சாப்பிட்டியான்னு கேக்காத ஊர்ல இருக்கணும்" என்றாள். அம்மா காதில் "தனியா" என்ற சொல் விழுந்ததோ இல்லையோ, வீடு இரண்டுபட்டது. அறியாத ஊர், தெரியாத பாஷை, ராத்திரியில் காய்ச்சல் வந்தால் தண்ணி கொடுக்க ஆள் கிடையாது. அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் அக்கா, தோசை சுட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "தனியா இல்லம்மா. கூட ஒரு டீச்சர் வர்றாங்க."

கதை எழுதுவதில் எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு உயிரோடு ஒரு பாத்திரத்தை நான் அறிமுகப்படுத்தியதில்லை. என்ன டீச்சர் என்று அம்மா கேட்டாள். பூகோளம் எடுத்தவர், ரிட்டையர் ஆகிவிட்டார், முழங்கால் எக்ஸ்ரேவுக்கு வந்தபோது பழக்கம் என்றாள். அம்மா எழுந்து இரண்டு தோசை சாப்பிட்டாள்.

முதல் பயணத்தில் டீச்சருக்கு முழங்கால் மட்டும்தான் இருந்தது. ஊர் ஊராகப் போகப் போக மற்றதெல்லாம் சேர்ந்தது. டீச்சருக்குச் சர்க்கரை உண்டு. குறட்டை உண்டு. லிஃப்டில் ஏறப் பயம், அதனால் அக்காவும் அவரோடு மாடிப்படி ஏறுவாள். கணவர் இல்லை. பையன் வெளிநாட்டில் இருக்கிறான், பேசுவது குறைவு. இந்தப் பையன் விஷயம் வந்த நாளிலிருந்து அம்மா டீச்சரைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டாள்.

அம்மா ஒவ்வொரு தடவையும் இரண்டு டப்பா பலகாரம் கட்டுவாள். மூடியில் பச்சை நூல் சுற்றிய டப்பா டீச்சருக்கு, சர்க்கரை போடாதது. அதை அக்கா யாருக்குக் கொடுப்பாள்? குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. எங்கோ ஓர் ஓட்டல் அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தச் சப்பென்ற பலகாரத்தை அவளே கடைசித் தூள் வரை தின்றுவிட்டு, டப்பாவைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைப்பாள். திரும்பி வந்ததும் சொல்வாள்: "நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்கம்மா."

4

நான் எப்படிக் கண்டுபிடித்தேன்?

படங்கள் வழியாக. அக்கா கொண்டுவரும் படங்களில் டீச்சர் இருக்க மாட்டார். "அவங்கதானே எடுக்குறாங்க, அவங்க எப்படி வருவாங்க" என்பாள். நியாயமான பதில். ஆனால் ஒரு நாள் எல்லாப் படங்களையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. பாலத்தில், பூங்காவில், ஏதோ பெரிய கட்டடத்தின் வாசலில், எல்லாவற்றிலும் அக்கா கொஞ்சம் கீழிருந்து தெரிகிறாள். இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தது. டீச்சர் மூன்றடி உயரமாக இருந்தால் ஒழிய இப்படி வராது.

அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் சிரித்தாள். பெஞ்சு, குட்டைச் சுவர், படிக்கட்டு, எங்கே ஃபோனைச் சாய்த்து வைக்க முடியுமோ அங்கே வைத்து, டைமர் போட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பாளாம். நின்றதும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாளாம், மூச்சை இழு, பிடி, அசையாதே என்று. தொழில் பழக்கம்.

அன்றிலிருந்து நானும் கூட்டாளி. அம்மா டீச்சரைப் பற்றிப் பேசினால் தலையாட்டுவேன். என் பங்குக்கு டீச்சருக்கு மூக்குக்கண்ணாடி ஒன்று போட்டுவிட்டேன்.

5

இப்போது இந்த வருடம். இந்த ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அக்கா சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஓர் இடைச்செருகல். அந்த ஊரில் அக்காவுக்கு ஒரு பழைய காதலன் இருப்பதாக வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவர் ஒரு கடை வைத்திருக்கிறார், அக்கா எதிர்ப்பக்கம் நின்று — கிழித்துப் போட்டேன். பக்கத்து மேஜையில் ஒரு தமிழ்க்குரல் கேட்டு அவள் திரும்புவதாகவும் எழுதினேன். அதுவும் போயிற்று. எங்கே போனாலும் நம்ம ஆள் ஒருத்தர் இருப்பார் என்பார்கள். அக்காவுக்கு ஒருத்தரும் இருக்கவில்லை. நடந்ததையே சொல்கிறேன். நேரமும் ஆகிறது.

அக்கா போய் இறங்கிய மறுநாள் அங்கே ஏதோ பெரிய விடுமுறை. அவள் பார்க்காமல் டிக்கெட் எடுத்துவிட்டாள். இரண்டு நாளைக்கு ஊரே மூடியிருக்கும், எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று ஓட்டல் வரவேற்பு மேஜைப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள். மிச்சம் இருந்தது காலைச் சாப்பாடு பரிமாறும் ஓர் அம்மாள் மட்டும். தங்கியிருந்தது அக்கா மட்டும்.

நேற்றுக் காலை சாப்பாட்டு அறைக்குப் போயிருக்கிறாள். நாற்காலிகளை எல்லாம் மேஜை மேல் கவிழ்த்துவைத்து, ஜன்னல் ஓரத்தில் ஒரே ஒரு மேஜையை மட்டும் இறக்கிவைத்திருந்தார்களாம். அந்த அம்மாள் எத்தனை பேர் என்று சைகையில் கேட்டார்.

அக்கா இரண்டு விரலைக் காட்டினாள்.

"வேணும்னு காட்டலடா. அம்மாகிட்ட சொல்லிச் சொல்லிப் பழகின கை, தானா போயிடுச்சு" என்றாள்.

இரண்டு தட்டு வந்தது. இரண்டு கோப்பை, இரண்டு கரண்டி, மடித்த துணி இரண்டு. அந்த அம்மாள் இரண்டு கோப்பையிலும் காபி ஊற்றிவிட்டு, சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். இன்னொருத்தர் வரட்டும் என்று காத்திருக்கிறார். அக்கா ஒரு ரொட்டியை மெதுவாகச் சாப்பிட்டாள். வாசலைப் பார்த்தாள். அந்த அம்மாளும் வாசலைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னத் தட்டை எடுத்து, ஆறிப்போகாமல் இருக்க எதிர்க் கோப்பையை மூடிவைத்தார். அந்த மூடிவைத்த செய்கையை அக்காவால் தாங்க முடியவில்லை. (தாங்க முடியவில்லை என்பது என் வார்த்தை. அவள் சொன்னது: "எனக்கு எப்படியோ ஆயிடுச்சு.") அவர் உள்ளே போன சமயம் பார்த்து, எட்டி அந்தக் காபியையும் எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அப்புறம் தெருத்தெருவாக நடந்திருக்கிறாள். கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. நடைபாதை மேஜைகளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். வண்டியே இல்லாத சாலையில் சிக்னல் மட்டும் தன் பாட்டுக்குச் சிவப்பு காட்ட, இவள் பச்சை வரும்வரை நின்று கடந்தாள். டிரைவர் மட்டும் இருந்த பஸ் ஒன்று போயிற்று. மாடி ஜன்னல்களிலிருந்து தட்டு வைக்கும் சத்தம், குழந்தைகளை யாரோ கத்திக் கூப்பிடும் சத்தம், ஒரு கூட்டமே சேர்ந்து சிரிக்கும் சத்தம். சிரிப்புக்கு மட்டும் பாஷை தெரிய வேண்டாம் என்றாள்.

அம்மாவுக்கு அனுப்ப ஒரு படமாவது வேண்டுமே என்று, மூடிய கடை ஒன்றின் வாசல்படியில் ஃபோனைச் சாய்த்து வைத்தாள். டைமர் போட்டாள். போய் நின்றாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். படம் விழுந்துவிட்டது. அவள் அசையவில்லை.

"எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலடா. யாராவது வந்து விடலாம்னு சொல்வாங்கன்னு நிக்கிற மாதிரி நின்னேன்" என்றாள்.

 நான் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன். அவள் அறைக்குத் திரும்பி, பச்சை நூல் டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு, விடிகிற வரை யோசித்து, டீச்சரைக் கொன்றுவிடலாம் என்று முடிவு கட்டி எனக்கு ஃபோன் செய்திருக்கிறாள். "அம்மா அவங்கள நம்பித்தான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கிட்டா. சாயங்காலம் முகத்தைக் காட்டுன்னா நான் யாரக் காட்டுவேன்?"

6

கொல்லும் வழிகள். (எழுதுகிறவன் என்ற முறையில் என் தொழில் அபிப்பிராயம்.)

மாரடைப்பு. சுத்தமான வழி. ஆனால் அம்மாவிடம், அதுவும் இந்த மாதத்தில், அந்த வார்த்தையையே உச்சரிக்கக் கூடாது.

வெளிநாட்டிலேயே இறப்பது. உடலைக் கொண்டுவர வேண்டும். பையனுக்குச் சொல்ல வேண்டும். அம்மா துக்கம் கேட்கப் போயே தீருவேன் என்பாள். எந்த வீட்டுக்கு அழைத்துப் போவது?

சண்டை. டீச்சரும் அக்காவும் மனஸ்தாபப்பட்டுப் பிரிந்துவிட்டார்கள். அம்மா அக்காவைத்தான் திட்டுவாள். சமாதானம் செய்துவைக்க ஃபோன் நம்பர் கேட்பாள்.

தொண்டை கட்டிக்கொண்டது, படுத்திருக்கிறார், பேச முடியாது. இதைத்தான் காலையில் அக்காவிடம் சொன்னேன். சாகடிக்கத் துணியாத எழுத்தாளர்கள் எல்லாரும் பாத்திரத்துக்குக் காய்ச்சல் வரவைப்பார்கள். "படுத்திருக்கறவங்க முகத்தையாவது காட்டுன்னு சொல்லுவா" என்றாள் அக்கா. சரிதான். அம்மாவின் குணத்தை இந்தக் கதையில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

7

இந்த இடத்தில் எழுத்து நின்றுபோனது. அம்மா அறைக்குள் வந்துவிட்டாள்.

மேலே உள்ள பக்கத்தின் மேல் ஒரு நாளிதழை இழுத்துப் போட்டேன். அம்மா அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஹாலிலிருந்து இங்கே வருவதற்குள் இப்போதெல்லாம் அவளுக்கு இரைக்கிறது. பிறகு, டீச்சர் படித்தவர், தனக்குப் பேச்சு தடுமாறிவிடும், எப்படி ஆரம்பிப்பது என்று நான் சொல்லித்தர வேண்டும் என்றாள்.

ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் எழுதித்தரச் சொல்கிறார்கள். ஒருத்திக்கு அந்தப் பெண்மணியின் சாவு வேண்டும். ஒருத்திக்கு அவரிடம் பேச வார்த்தை வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

என்ன சொல்ல நினைக்கிறாயோ அதை அப்படியே சொல் என்றேன். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, என் அலமாரியைப் பார்த்து, கூச்சத்தோடு ஒத்திகை பார்த்தாள்.

"டீச்சர், நான் இவளோட அம்மா பேசறேன். நல்லா இருக்கீங்களா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கப்புறம் இவளை வச்சுப் பாத்துக்கங்கன்னு கேக்கல. அவ சம்பாதிக்கிறா, அவளுக்கு ஒரு குறையும் இல்ல. சும்மா, எப்பவாச்சும் ஃபோன் பண்ணி, இன்னைக்கு என்ன சமைச்சேன்னு மட்டும் கேளுங்க. கேக்க ஆளில்லன்னா அவ சமைக்க மாட்டா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "போதுமா? இன்னும் ஏதாவது சேக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் இல்லையா, நான் கேட்க மாட்டேனா, யாரோ ஒரு டீச்சரிடம் போய் இதைக் கேட்பானேன் என்று கேட்டேன்.

"நீ பாத்துப்ப, தெரியும்" என்றாள் அம்மா. "பாத்துக்கறது வேற, கூட இருக்கறது வேறடா. உனக்குன்னு குடும்பம் இருக்கு. நீ வந்துட்டுப் போவ. டீச்சர் அவகூடவே போறாங்க பாரு."

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளிதழை நகர்த்தி, "படிச்சுப் பாரும்மா" என்று பக்கத்தைக் கொடுத்திருக்கலாம். நான் செய்தது, ஒத்திகையில் "எப்பவாச்சும்" என்பதை "வாரத்துக்கு ஒரு தடவை" என்று மாற்றச் சொன்னதுதான். திருத்தம் சொல்வது எனக்குச் சுலபம்.

எழுந்து வாசல்வரை போன அம்மா, நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கேட்டாள்: "ஏண்டா, டீச்சர் குள்ளமா?"

"ஏன்?"

"படத்துல எல்லாம் இவ உசரமாத் தெரியறா. அதான் கேட்டேன்."

கொஞ்சம் குள்ளம்தான் என்று சொன்னேன். "பாவம், முழங்கால் வேற" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

8

அம்மாவுக்குத் தெரியுமோ?

இப்போது ஒரு முடிவு தானாக ஓடிவருகிறது. அம்மாவுக்கு முதல் பயணத்திலிருந்தே தெரியும். தெரிந்தேதான் பச்சை நூல் சுற்றி டப்பா கட்டினாள், மகள் இரண்டு பங்கும் சாப்பிடட்டும் என்று. சாயங்காலம் வீடியோவில் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பாள். மூவரும் அழுவார்கள். நீங்களும் அழுவீர்கள். பத்திரிகையில் போட்டால் நாலு பேர் எனக்கு ஃபோன் செய்து பாராட்டுவார்கள்.

நான் இந்த முடிவை நம்பவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்றால் அவள் ஆபரேஷனுக்குச் சம்மதித்திருக்க மாட்டாள். தெரியாது என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். இரண்டில் எது என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கு இருந்தால் ஹால் இந்தப் பக்கம்.

9

வெயில் தாழ்ந்த நேரத்தில் அக்கா மறுபடி கூப்பிட்டாள். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். தொண்டை வேண்டாம், வேறொன்று வைத்திருக்கிறேன், டீச்சரின் பையன் திடீரென்று வந்து அழைத்துப் போய்விட்டான் என்று —

"கொல்ல வேணாம்டா" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

இன்று காலையும் அந்த அம்மாள் இரண்டு தட்டு வைத்திருக்கிறார். அக்கா எடுக்கச் சொல்லவில்லை. எதிர்க் கோப்பையைத் தானே தட்டு வைத்து மூடினாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, நேற்று நடந்த தெருவைப் பற்றி, சிக்னலைப் பற்றி, ஆள் இல்லாத பஸ்ஸைப் பற்றி எதிரே சொல்லிக்கொண்டிருந்தாளாம். தமிழில், சத்தமாகவே. பரிமாறுகிறவர் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அக்கா தோளை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனாராம்.

"அக்கா, நீ உடனே கிளம்பி வா. டிக்கெட்டை மாத்திடலாம்" என்றேன்.

"எனக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்லடா. அங்க யாரும் இல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.   பிறகு சொன்னாள்: "தனியாப் போறது எனக்குப் பிடிக்கும்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். நேத்துதான் தெரிஞ்சுது. நான் தனியாப் போனதே இல்ல. எங்க போனாலும், இதை டீச்சர் பாத்தா என்ன சொல்லுவாங்க, அதை அம்மாகிட்ட எப்படிச் சொல்லலாம்னு பேசிக்கிட்டேதான் நடந்திருக்கேன். அவங்களக் கொல்லணும்னு நெனச்ச அன்னிக்குத்தான் முதல்தடவையா நான் தனியா நடந்தேன். என்னால முடியல."

அப்போ சாயங்காலம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"நீ எழுதுறதைப் பொறுத்து" என்றாள்.

10

ஆக, முடிவு என் தலையில்.

உண்மையைச் சொல்லலாம். அம்மாவின் இதயம் எத்தனை உண்மையைத் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பொய்யைத் தொடரலாம். அதற்கு ஒரு முகம் வேண்டும். என் மனைவியைக் கண்ணாடி போட்டு உட்காரவைக்கலாமா என்றுகூட யோசித்துவிட்டேன், இவ்வளவு கேவலமான யோசனையை நான் எந்தக் கதையிலும் செய்ததில்லை. அம்மா —

ஃபோன் அடிக்கிறது.

நான் இன்னும் விளக்கே போடவில்லை. அம்மா அதற்குள் எடுத்துவிட்டாள். ஹாலுக்கு ஓடுகிறேன், பேனாவோடு.

திரையில் அக்கா. முகம் கழுவி, பொட்டு வைத்து, தலை வாரியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை, கட்டிலின் ஓரம், மேஜை மேல் பச்சை நூல் டப்பா. அம்மா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகளை நலம்கூட விசாரிக்காமல், டீச்சர் எங்கே என்று கேட்கிறாள்.

அக்கா அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்க்கிறாள். எழுதிவிட்டாயா என்று கேட்கிற பார்வை. நான் தலையை அசைக்கவில்லை, ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவள் மூச்சை இழுப்பது தெரிகிறது. பிடித்துக்கொள்கிறாள். அம்மாவும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நானும்.

"இதோ, இங்கதான் இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா ஃபோனைத் திருப்புகிறாள்.

திரை நகர்கிறது. திரைச்சீலை போகிறது, டப்பா போகிறது, சுவர் போகிறது. அது போய் நிற்கப்போகும் இடத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் யார் இருக்கிறார்கள் என்று நான் எழுதமாட்டேன். எழுத எனக்கு உரிமை இல்லை.

ஏனென்றால், நேற்று அந்த மூடிய கடைகளுக்கு முன்னால் அக்காவோடு கூடவே நடந்தது நான் இல்லை. நான் இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே அதை ஃபோனில் கேட்டவன். அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மூடிய கோப்பையைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது நீங்கள். படியில் சாய்த்துவைத்த ஃபோனுக்குப் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்ததும் நீங்கள்தான். எந்தப் படத்திலும் நீங்கள் இல்லை.

அம்மா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்க்கிறாள். தலைப்பைச் சரிசெய்துகொள்கிறாள்.

"டீச்சர், நான் இவளோட அம்மா பேசறேன். நல்லா இருக்கீங்களா?"

இன்னும் யாரும் மூச்சை விடவில்லை. சொல்லுங்கள்.